நாலு வயசில் ஓட்டு

பாஸ்டனுக்கு மேற்கே ஃப்ரேமிங்ஹாம் என்று ஓர் ஊர். அதன் வடக்கு ஓரத்தில், வின்ச் தெருவில், பழைய கருங்கல் மாளிகை ஒன்று நிற்கிறது. பக்கத்தில் பெரிய மரக்கொட்டகை, கீழே ஓடையை மறித்துக் கட்டிய குளம், சுற்றிலும் 10 ஏக்கருக்குப் புல்லும் பாறையும் மரமும். வெளியிலிருந்து பார்த்தால் யாரோ பெரிய இடத்து வீடு என்றுதான் தோன்றும். அதுதான் சட்பரி வேலி பள்ளிக்கூடம். 4 வயதுக் குழந்தை முதல் 19 வயது இளைஞர் வரை எல்லோரும் ஒரே கூரையின் கீழ். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் போகிறார்கள். இதைப் பற்றி நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசிப் பேசி, ஆஷ்லண்ட் லட்சுமி கோவிலில் என்னைக் கண்டால் தட்டோடு இடம் மாறி உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு வாய் ஓயவில்லை, என்ன செய்ய?

முதலில் அங்கே இல்லாததைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பு கிடையாது. மணி அடிப்பது கிடையாது. பாடத்திட்டம், பரீட்சை, மதிப்பெண், ரேங்க் அட்டை, வீட்டுப்பாடம் ஒன்றும் கிடையாது. தலைமை ஆசிரியர் கிடையாது. “உங்க பையன் எந்த கிரேடு?” என்று கோவிலில் யாராவது கேட்டால் எனக்குச் சொல்லப் பதில் இல்லை. கேட்டவர் தன் மகள் ரஷ்யன் மேத் டியூஷனில் எந்த லெவல் என்று சொல்லத் தயாராக நிற்பார். நான் அதைக் கெடுத்துவிடுவேன்.

“அப்போ நாள் முழுக்க என்னதான் செய்வாங்க?”

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஓர் இலையுதிர்கால மத்தியானம் மகளை டாக்டரிடம் கூட்டிப்போக முன்னதாகவே போயிருந்தேன். வாசல் திண்ணையில் ஒரு பெண் கிடார் வைத்துக்கொண்டு ஒரே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து ஆப்பிள் வேகும் வாசனை. மூன்று பேர் மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள், மூவருக்கும் ஒரே வயது இல்லை. மீசை அரும்பிய ஒரு பையன் சோபாவில் கால் நீட்டிக் கிடக்க, அவன் வயிற்றில் சாய்ந்துகொண்டு ஒரு சின்னஞ்சிறுசு படக்கதை பார்த்துக்கொண்டிருந்தது. குளக்கரையில் தூண்டிலோடு ஒருவன். இன்னொரு அறையில் சீட்டு விளையாட்டில் விதி என்ன என்பதைப் பற்றிக் காரசாரமான தர்க்கம். என் மகளைத் தேடினால் ஆளைக் காணோம். கடைசியில் பாறைகளுக்கு நடுவே, முழங்கால் முழுக்கச் சேறாக, மூன்று பேருக்கு ஏதோ உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். “இப்ப வர முடியாதும்மா, வேலையா இருக்கேன்” என்றாள். அவளை அப்படி ஒரு மும்முரத்தில் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடம் 1968-இல் தொடங்கியது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் டேனியல் கிரீன்பர்க். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர். அவர் மனைவி ஹானா, மிம்ஸி சடோஃப்ஸ்கி இன்னும் சிலர் சேர்ந்து, தங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்த மாதிரி ஒரு பள்ளி எங்கும் இல்லை என்று தாங்களே ஆரம்பித்தார்கள். அடிப்படை எண்ணம் ஒன்றுதான்: மனுசப் பிள்ளைக்குக் கற்கும் ஆசை பிறவியிலேயே இருக்கிறது, யாரும் ஊட்ட வேண்டாம். 1921-இல் நீல் என்பவர் தொடங்கி, பிறகு இங்கிலாந்துக்கு வந்த சம்மர்ஹில் பள்ளியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் ‘அதே மாதிரியா?’ என்று கேட்பார்கள். அங்கே விருப்பப்பட்டால் போகலாம் என்றாவது வகுப்புகள் உண்டு, தலைமை ஆசிரியர் உண்டு. இங்கே அதுவும் இல்லை. நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து போய் ‘எங்களுக்கு இதைச் சொல்லித் தாங்க’ என்று கேட்டால் அப்போது ஒரு வகுப்பு பிறக்கும். வேண்டியது முடிந்ததும் கலைந்துவிடும்.

இந்தப் பள்ளியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சுதந்திரத்தைப் பிடித்துக்கொண்டு புகழ்கிறார்கள். எனக்குப் பித்துப் பிடிக்க வைத்தது அங்குள்ள சட்டம்.

ஆமாம், சட்டம். பிள்ளைகளும் அங்கே வேலை பார்க்கும் பெரியவர்களும் சேர்ந்து ஓட்டுப் போட்டு இயற்றிய விதிகள் ஒரு புத்தகமாகவே இருக்கின்றன. உள்ளே ஓடக் கூடாது, எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும், அடுத்தவர் நிம்மதியைக் கெடுக்கக் கூடாது என்பது மாதிரி. விதியை யாராவது மீறினால் யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். அதை விசாரிக்க ஜே.சி. என்று ஒரு குழு. அதில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளும் ஒரு பெரியவரும் முறைவைத்து உட்காருவார்கள். நடத்துகிற கிளார்க்குகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள். என்ன நடந்தது என்று எல்லோரையும் கேட்டு எழுதுவார்கள், எந்த விதி மீறப்பட்டது என்று பார்ப்பார்கள், ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார்கள், தண்டனை சொல்வார்கள். ஏற்க முடியாவிட்டால் முழுப் பள்ளிக் கூட்டத்துக்கு மேல்முறையீடு. பெரியவர்கள் மேலும் வழக்குப் போடலாம், போடுகிறார்கள்.

என் மகள் சேர்ந்த புதிதில் ஜே.சி. முன்னால் நின்றாள். களிமண் எடுத்து ஏதோ செய்துவிட்டு மேசையைத் துடைக்காமல் போய்விட்டாளாம். ஆறு வயசு! சாயங்காலம் காரில் ஏறினவுடனே, “அம்மா, எனக்கு ஆர்ட் ரூமுக்கு ஒரு நாள் தடை” என்று அறிவித்தாள், ஏதோ பரிசு வாங்கின மாதிரி. எனக்குக் குப்பென்று ஏறியது. குழந்தையைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்துப் பத்துப் பேர் கேள்வி கேட்பார்களா? அப்படியே காரைத் திருப்பியிருப்பேன், எப்படியோ அடக்கிக்கொண்டேன்.

“பயமா இருந்துச்சா?”

“இல்லையே. நீ செஞ்சியான்னு கேட்டாங்க. ஆமான்னேன்.”

“திட்டினாங்களா?”

“யாரு?” அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. “எழுதிக்கிட்டாங்க. அப்புறம் எழுதிக் கொடுத்தவனும் நானும் சாப்பிடப் போனோம்.”

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, நல்ல விதமாக. நான் படித்த இடங்களில் தப்பு என்பது ஒரு பெரியவருடைய முகத்தில்தான் இருந்தது. அவர் முகம் சிவந்தால் தப்பு, சிரித்தால் இல்லை. ஒரே காரியத்துக்கு ஒரு நாள் பிரம்படி, இன்னொரு நாள் ‘போ, போ’. என் மகளுக்குத் தப்பு என்பது ஒரு தாளில் எழுதி, எண் போட்டு, எவரும் எடுத்துப் படிக்கக்கூடிய விதியில் இருக்கிறது. அதைப் பிடிக்காவிட்டால் கூட்டத்தில் எழுந்து மாற்றச் சொல்லலாம். யாருடைய முகத்தையும் பார்த்து அவள் நடுங்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு கூத்து. அவள் எழுதப் பழகியது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? புகார் எழுத! பெரிய பையன்கள் உள்ளே ஓடினால் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒருத்தியைப் பிடித்துச் சொல்லச் சொல்ல எழுத வைப்பது அவளுக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. வீட்டில் என்னிடம் வந்து ‘ரன்னிங்’குக்கு எத்தனை ‘என்’ என்று கேட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு ஃபிரிஜ் கதவில் என் மேலேயே இரண்டு புகார்ச் சீட்டுகள் ஒட்டப்பட்டன. ஒன்று, போன் பேசிக்கொண்டே பதில் சொன்னது. மற்றது வெளியே சொல்வதற்கில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் பள்ளிக் கூட்டம். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டு. நாலு வயதுக்கும் ஓர் ஓட்டு, ஐம்பது வருஷமாக அங்கே இருக்கிறவருக்கும் ஓர் ஓட்டு. பிள்ளைகள் எண்ணிக்கையில் பெரியவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விதி போடுவது, பணம் ஒதுக்குவது, எந்தச் சாமான் வாங்குவது, யார் எதற்குப் பொறுப்பு எல்லாம் அங்கேதான் முடிவாகும். போகவேண்டும் என்று கட்டாயமில்லை. தங்களுக்குச் சம்பந்தப்பட்ட விஷயம் வந்தால் கூட்டம் நிரம்பி வழியும், மற்ற நாள் அக்கறை உள்ளவர்கள் மட்டும் இருப்பார்கள். நம் ஊர் கிராமசபைக்கும் இதே கதைதான் என்று ஊரிலிருக்கும் என் தம்பி சொன்னான்.

மூத்தவன் ஒரு தீர்மானம் கொண்டுபோனான். கணினி அறை நேரம் பற்றி. தோற்றது. சாப்பாட்டு மேசையில் உர்ரென்று உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரம் திருத்தி எழுதினான், முந்தின வாரம் எதிர்த்துப் பேசினவளிடமே போய் எங்கே இடிக்கிறது என்று கேட்டு எழுதினான். அதற்கும் ஒருத்தர் திருத்தம் கொடுத்தார். “அம்மா, திருத்தத்துக்குத்தான் முதல்ல ஓட்டெடுக்கணும், அப்புறம்தான் தீர்மானத்துக்கு, தெரியுமா?” என்று என்னிடம் கேட்டான். எனக்குத் தெரியாது. நான் எம்.எஸ்சி.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்கக் கூடாது. அவன் முதல் வருஷத்தில் பெரும்பகுதி கம்ப்யூட்டரில் விளையாடியே கழித்தான். முன்பு அவன் போய்வந்த வேறொரு பள்ளியில் ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிற்றுவலி வந்துவிடும். வயிற்றுவலி போனால் போதும் என்றுதான் நான் இங்கே கொண்டுவந்து விட்டேன். போனது. ஆனால் அந்த இடத்தில் விளையாட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. பள்ளியில் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நான் தலையால் தண்ணீர் குடித்தேன். எனக்கு அப்போது துணை நின்றது கிரீன்பர்க் எழுதிய புத்தகத்தில் வரும் ஒரு பையன் கதை. வருஷக்கணக்காக, வெயில் பனி பாராமல், அந்தக் குளத்தில் மீன் பிடித்துக்கொண்டே இருந்தானாம். அவன் அப்பா வந்து கவலைப்பட்டாராம். பதினைந்து வயதில் தூண்டிலை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பிடித்தான், அதிலேயே தொழிலும் தொடங்கினான். என் மகன் அப்படி ஆவான் என்று சொல்ல வரவில்லை. ஒரு நாள் தானாக எழுந்து வெளியே போனான், அவ்வளவுதான். ஏன் என்று கேட்டேன். “போர் அடிச்சுது” என்றான். அந்த போர் அடிக்கும் வரைக்கும் காத்திருக்க ஒரு பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் பாருங்கள்!

கணக்கு? கேட்பீர்கள் என்று தெரியும். இதுவும் கிரீன்பர்க் எழுதியதுதான், நான் மனப்பாடமாகச் சொல்லுவேன். ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுக்குள் ஒரு டஜன் பிள்ளைகள் அவரிடம் வந்து கணக்குச் சொல்லித்தரக் கேட்டார்கள். அவர் உடனே தலையாட்டவில்லை. வாரம் இரண்டு தடவை, தடவைக்கு அரை மணி. ஐந்து நிமிஷம் தாமதித்தால் அன்று வகுப்பு இல்லை. அப்படி இரண்டு தடவை ஆனால் அதோடு சரி. 1898-இல் வந்த ஒரு பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், பின்னம், தசமம், சதவீதம், வர்க்கமூலம் எல்லாம் 20 வாரத்தில், 20 மணி நேரத்தில் முடிந்தது. மற்ற பள்ளிகளில் ஆறு வருஷம் இழுக்கிற சமாசாரம். ஆரம்பப் பள்ளிக் கணக்குக் கற்பிப்பதில் நிபுணரான ஒரு நண்பரிடம் சொன்னாராம், அவர் ஆச்சரியமே படவில்லையாம். கணக்கு கஷ்டமில்லை, வெறுக்கிற தலைக்குள் அதைத் திணிப்பதுதான் கஷ்டம் என்பது அவர் கட்சி. வேப்பங்காயாகக் கணக்கை விழுங்கி வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது கோபம்தான் முதலில் வந்தது. எத்தனை மாலைகள் போயின!

வாசிப்பும் அப்படித்தான். சிலர் நாலு வயதில் படிப்பார்கள், சிலர் எட்டில், சிலர் அதற்கும் பிறகு. யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. பதினாலு வயதில் அவர்களை வரிசையாக நிறுத்தினால் யார் எப்போது படிக்கப் பழகினார்கள் என்று உங்களால் சொல்ல முடியாது.

வேண்டியதைச் செய்யலாம் என்றால் எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. ஆபத்தான சாமானைத் தொட வேண்டுமானால் முதலில் அதைக் கையாளத் தெரியும் என்று காட்டிச் சான்று வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் வளாகத்தை விட்டு வெளியே போக முடியாது. நாள்தோறும் குறைந்தது 5 மணி நேரம் இருந்தாக வேண்டும், வரும்போதும் போகும்போதும் நேரம் எழுத வேண்டும். பட்டம் வேண்டுமானால் கடைசியில், பெரியவர் வாழ்க்கைக்குத் தன்னைத் தயார் செய்துகொண்டதைத் தானே வாதிட்டு நிறுவ வேண்டும். மதிப்பெண் காட்டித் தப்பிக்க வழியில்லை.

கல்லூரி? பாஸ்டன் காலேஜ் உளவியலாளர் பீட்டர் கிரே தன் மகனை ஒன்பது வயதில் இங்கே சேர்த்தார். பிற்பாடு இவன் கதி என்ன ஆகும் என்ற பயத்தில், வெளியேறியவர்களை ஆராயக் கிளம்பினார். டேவிட் சானாஃப் என்பவரோடு சேர்ந்து 69 பேரை விசாரித்து 1986-இல் வெளியிட்டார். உயர்படிப்புக்குப் போக நினைத்தவர்கள் போயிருந்தார்கள். சங்கீதம், தச்சு, வியாபாரம், மருத்துவம் என்று பலவகைத் தொழிலிலும் இருந்தார்கள். தகப்பனின் கவலையாகத் தொடங்கிய அந்த வேலை அவரை விளையாட்டைப் பற்றியே ஆயுள் முழுக்க ஆராயும் ஆளாக்கிவிட்டது. இன்று ஜப்பான், ஜெர்மனி, இஸ்ரேல் என்று பல நாடுகளில் இதைப் பார்த்துத் தொடங்கிய பள்ளிகள் இருக்கின்றன.

பெற்றோர்களாகிய நம் கதைக்கு வருவோம். நமக்கு அங்கே வேலையே இல்லை! முன்னேற்ற அறிக்கை வராது. ‘உங்க பையன் இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யலாம்’ என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லமாட்டார்கள். வரவுசெலவு, கட்டணம் மாதிரி விஷயங்களுக்கு வருஷத்தில் கூடும் பேரவையில் நமக்கும் ஓட்டு உண்டு, அதோடு சரி. முதல் மாதங்களில் கை பரபரத்தது. பிறகு ஒரு நாள் வீட்டில் ஏழு மணிக்கு யாரும் யாரையும் ‘உட்கார், படி’ என்று கத்தவில்லை என்பதைக் கவனித்தேன். நாங்கள் நாலு பேரும் கேரம் ஆடிக்கொண்டிருந்தோம். பிள்ளையின் பள்ளிக்கூடம் அம்மாவுக்கும் விடுதலை தரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எல்லோருக்கும் இது ஒத்துவருமா என்று கேட்டால், வராது. பிள்ளையை நம்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு வீட்டில் ரகசியமாக டியூஷன் வைக்கிறவர்களுக்கு நிச்சயம் வராது, பாவம் பிள்ளைதான் இரண்டு பக்கமும் இழுபடும். சேருவதற்கு முன் ஒரு வாரம் வந்து இருந்து பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். யோசிக்கிறவர்கள் அந்த ஒரு வாரத்துக்குப் பிள்ளையை அனுப்புங்கள், சாயங்காலம் கேள்வி கேட்காமல் இருந்து பாருங்கள். மற்றது பிள்ளை சொல்லும்.

என் அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைப் பார்க்க வந்திருந்தபோது தினமும் என்னோடு காரில் வந்து, பேரப்பிள்ளைகளை இறக்கிவிடும் இடத்தில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். “பெரியவங்க எல்லாம் உள்ள என்னம்மா செய்யுதாங்க?” என்பதுதான் அவர் சந்தேகம். ஹானா கிரீன்பர்க் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார், எதையும் செய்யாமலிருக்கும் கலை என்று. பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கப் போவதற்குள் நாம் மூக்கை நுழைக்காமலிருப்பது பெரிய உழைப்பு என்கிறார். அப்பாவிடம் சொன்னேன். தாயுமானவரைப் படித்தவர், சும்மா இருப்பதன் அருமை அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்குச் சம்பளம் உண்டு என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அதைவிட அவரைக் கலக்கியது தேர்தல். அந்தப் பெரியவர்களுக்கு வேலை நிரந்தரமில்லை. ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளும் பெரியவர்களுமாக ரகசிய ஓட்டுப் போட்டுத்தான் அடுத்த வருஷத்துக்கு யார் வேண்டும் என்று தீர்மானிப்பார்கள். பள்ளியைத் தொடங்கியவர்களும் அதே மாதிரி நின்று ஓட்டு வாங்கித்தான் இருந்தார்கள்.

இரவு ரசம் சாதம் சாப்பிடும்போது அப்பா மெதுவாக ஆரம்பித்தார். “ஏட்டி, நான் உங்க பள்ளிக்கூடத்துல நின்னா எனக்கு ஓட்டுப் போடுவியா?”

சின்னவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே யோசித்தாள். “முதல்ல கொஞ்ச நாள் வந்து எங்களோட இருக்கணும் தாத்தா. நீங்க எப்படின்னு பாக்கணும்ல?”

“எப்படின்னா? முப்பது வருஷத்துக்கு மேல சர்வீஸ் போட்டவன்டி நான்! ஆயிரம் பிள்ளைகளை மேய்ச்சிருக்கேன்.”

“தாத்தா,” என்றான் மூத்தவன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “அதைச் சொல்லி ஓட்டுக் கேக்காதீங்க. தோத்துருவீங்க.”